“அரசாங்கமே ஜாமீன் போட்டிருக்கு, நாம ஏன் கட்டணும்?”

திருப்பூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 43. கணவரோடு சேர்ந்து 12 தையல் மெஷின் போட்டு, பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கிறார். கணக்கு வழக்கு இவர் பொறுப்பு. 2020 பிப்ரவரியில் வங்கியில் 30 லட்சம் ரூபாய் சிசி (தொழில் நடத்த வங்கி தரும் சுழல் கடன்) பாக்கி இருந்தது. ஊரடங்குக்குப் பிறகு மத்திய அரசின் உத்தரவாதத் திட்டத்தில் மேலும் 6 லட்சம் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு ஆர்டர் படுத்துவிட்டது. எல்லாத் தவணையும் நின்றது. அந்த 6 லட்சத்தில் 1.9 லட்சம் பாக்கி. சிசியும் சேர்த்து, வட்டியோடு 33 லட்சம் கட்டச் சொல்லி வங்கியிடமிருந்து 60 நாள் நோட்டீஸ் வந்து 18 நாள் ஆகிறது.

அடமானத்தில் இருப்பது கணவர், கணவரின் அண்ணன் இருவர் பெயரிலும் உள்ள வீடு. அண்ணனும் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அண்ணன் தம்பிக்குள் இரண்டு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. காரணம் சொத்துத் தகராறு இல்லை, 2020-இல் கொரோனாவுக்காக மத்திய அரசு அறிவித்த அந்த ‘20 லட்சம் கோடி பேக்கேஜ்’ பற்றி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடந்த சண்டை. தம்பி, “நம்ம வீட்டுக்கே 6 லட்சம் வந்திருக்கு, இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்” என்கிறார். அண்ணன், “அது வெறும் பூஜ்யம், ஏமாத்து” என்கிறார். நோட்டீஸின் நகல் அண்ணனுக்கும் போயிருக்கிறது. “உங்க 20 லட்சம் கோடியில இருந்து கட்டச் சொல்லுங்க” என்று அவர் உறவினர் ஒருவரிடம் சொல்லியனுப்பினாராம்.

கணவரோ அசையவில்லை. அரசாங்கம் நூறு சதவீதம் ஜாமீன் கொடுத்திருக்கிறது, வங்கி அங்கே வாங்கிக்கொள்ளட்டும், தேர்தல் வந்தால் தள்ளுபடியும் வரும் என்கிறார். இதற்கு நடுவில் வாசகியின் அப்பா வேறு, 2021-இல் ரேஷன் கடையில் வாங்கிய கொரோனா நிவாரணம் 4,000 ரூபாயைச் சொல்லி, “இலவசம் வாங்கி வாங்கித்தான் நாடு கெட்டுது” என்று மகளைக் குத்துகிறார். யார் சொல்வது சரி, கடனைக் கட்ட வேண்டுமா வேண்டாமா என்பது கேள்வி. கட்சிப் பெயர்களைக் கடிதத்திலிருந்து நான் எடுத்துவிட்டேன். படிப்பவர்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள், அது வேறு விஷயம்.

சகோதரி,

நான் பல வருடம் வங்கியில் கடன் பிரிவில் இருந்துவிட்டு வக்கீல் தொழிலுக்கு வந்தவன். அந்தப் பழக்கத்தில், யார் சரி என்பதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு நோட்டீஸிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அந்த ஜாமீன் யாருக்கு?

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. இசிஎல்ஜிஎஸ் என்று வங்கியில் சொல்லும் அந்தத் திட்டத்தில், 2020 பிப்ரவரி 29 அன்று இருந்த பாக்கியில் 20 சதவீதம் வரை கூடுதல் கடன் தந்தார்கள். உங்கள் 30 லட்சத்துக்கு 6 லட்சம் வந்த கணக்கு இதுதான். புது அடமானம் கேட்கவில்லை, உத்தரவாதக் கட்டணமும் இல்லை. நூறு சதவீத உத்தரவாதம் என்பதும் சரி.

ஆனால் அந்த உத்தரவாதம் வங்கிக்குக் கொடுத்தது. நீங்கள் கட்டாமல் போனால் வங்கிக்கு நஷ்டம் வராமல் பார்த்துக்கொள்ள, மத்திய அரசின் என்சிஜிடிசி என்ற நிறுவனம் பணம் தருகிறது. அப்படித் தந்த பிறகும் உங்களிடம் வசூலிக்கும் வேலையை வங்கி விட முடியாது. வசூலானால் அதை அங்கே திருப்பிச் செலுத்த வேண்டும். உங்கள் கடன் ஒரு ரூபாய்கூடக் குறையாது, சிபில் அறிக்கையிலும் ஏறிவிடும். அண்ணன் உங்களுக்கு ஜாமீன் போட்டதால் உங்கள் கடன் தீர்ந்துவிட்டதா? இல்லை அல்லவா. இதுவும் அதே மாதிரிதான்.

இன்னொன்று. உங்கள் கணவர் 1.9 லட்சத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு ஆபத்து வந்திருப்பது மீதி 31 லட்சத்தால். அந்த சிசிக்கு அரசாங்கத்தின் ஜாமீன் இல்லை. உங்கள் வீட்டுப் பத்திரமும் அண்ணனின் கையெழுத்தும்தான் ஜாமீன்.

தள்ளுபடி நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. 2021 பிப்ரவரியில் அதிமுக அரசு 16 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. அடுத்து வந்த திமுக அரசு, கூட்டுறவில் 5 பவுன் வரை வைத்த நகைக்கடனைத் தள்ளுபடி செய்தது. இரண்டும் கூட்டுறவு நிறுவனங்களின் கடன்கள், பணம் மாநில அரசுடையது. நகைக்கடனில் தகுதிப் பட்டியல் வந்தபோது, தள்ளுபடியை நம்பி வட்டியைக்கூடக் கட்டாமல் இருந்த பலர் வெளியே நின்றார்கள். வணிக வங்கியில் ஒரு தையல் யூனிட் வாங்கிய சிசி கடன் இந்த வரிசையில் வரவே வராது. எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையையும் நம்பி 60 நாளைக் கடத்தாதீர்கள்.

இந்த 60 நாளில் செய்ய வேண்டியது

வந்திருப்பது சர்ஃபாசி சட்டத்தின் (அடமானச் சொத்தை வங்கியே கைப்பற்றி விற்க வழி செய்யும் சட்டம்) 13(2) பிரிவு நோட்டீஸ். இதை எதிர்த்து இப்போதே தீர்ப்பாயம் போக முடியாது. எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுக்கலாம், கொடுத்தால் வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். பலர் செய்யும் தப்பு, நோட்டீஸை பீரோவில் வைத்துவிட்டு மேனேஜரை நேரில் பார்த்துக் கெஞ்சுவது. நேரில் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பேசியது எதுவும் கோப்பில் ஏறாது.

சிறு தொழில்கள் நலிந்தால் மீட்பதற்கு 2015-இல் மத்திய அரசு ஒரு நடைமுறை கொண்டுவந்தது. வாராக்கடன் என்று முத்திரை குத்துவதற்கு முன்பே வங்கிக் குழு அந்தக் கணக்கைப் பார்த்து, தவணையை மாற்றலாமா என்று முடிவு செய்ய வேண்டும். வங்கிகள் இதை மதிக்க வேண்டும் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால், நான் சிறு தொழில், எனக்கு இது பொருந்தும் என்று ஆவணத்தோடு கேட்பது கடன்காரரின் பொறுப்பு என்றும் சொன்னது. 2025-இல் வந்த இன்னொரு தீர்ப்பு, 13(2) நோட்டீஸுக்குக் கொடுக்கும் பதிலிலேயே உறுதிமொழிப் பத்திரத்தோடு இதை எழுப்பினால் வங்கி பரிசீலிக்க வேண்டும் என்கிறது. உங்களிடம் உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில் என்பதற்கான மத்திய அரசுப் பதிவு, இருக்கிறதா? அதுதான் முதல் தாள். ஜிஎஸ்டி ரிட்டர்ன், ஆர்டர் நின்றதற்கு பனியன் கம்பெனிகள் அனுப்பிய மெயில், மின் கட்டண ரசீது (மெஷின் ஓடவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை) எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

இதையெல்லாம் மீறி வங்கி வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கை எடுத்தால், அந்த நாளிலிருந்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். ஒரே தவணையில் குறைத்துக் கட்டும் ‘ஓடிஎஸ்’ கேட்டுப் பார்க்கலாம், ஆனால் அது உங்கள் உரிமை கிடையாது. கொடுப்பதும் மறுப்பதும் வங்கியின் விருப்பம்.

ஏற்றுமதியாளர்களுக்கு 20,000 கோடி ரூபாய் வரை உத்தரவாதக் கடன் என்று 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததைக் கேள்விப்பட்டு உங்கள் கணவர் உற்சாகமாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் கடன்தான், ஜாமீனும் அதே என்சிஜிடிசிதான். வாராக்கடன் ஆன கணக்கோடு போய்ப் புதுக் கடன் கேட்பது லேசு இல்லை.

சரி, 20 லட்சம் கோடி நிஜமா பொய்யா?

இந்தக் கேள்விக்குத்தான் நீங்கள் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணவரும் அவர் அண்ணனும் ஒரே தாளின் இரண்டு இடத்தில் விரல் வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2020 மே 12 அன்று பிரதமர் 20 லட்சம் கோடி என்று அறிவித்தார். அடுத்த ஐந்து நாளும் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தினம் ஒரு பேட்டியாக விவரம் சொன்னார். கடைசியில் வந்த கூட்டுத்தொகை 20,97,053 கோடி. அதில் 8,01,603 கோடி ரிசர்வ் வங்கி எடுத்த நடவடிக்கைகள். அதாவது வங்கிகளிடம் கடன் கொடுக்கப் பணம் தட்டுப்பாடு இல்லாமல் செய்தது. உங்கள் இசிஎல்ஜிஎஸ் 3 லட்சம் கோடி. விவசாயிகளுக்கு கிசான் கார்டு மூலம் 2 லட்சம் கோடி, இதுவும் கடன். டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரியை 25 சதவீதம் குறைத்ததை 50,000 கோடி என்று எழுதினார்கள். வரி குறையவில்லை சகோதரி, கட்டும் தேதிதான் தள்ளிப்போனது. ஆனாலும் முடங்கிக் கிடந்த கம்பெனிக்கு அந்த மாதம் கையில் காசு நின்றது.

திருப்பிக் கேட்காமல் கொடுத்தவையும் உண்டு. ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மாதம் 500 வீதம் மூன்று மாதம், நூறு நாள் வேலைக்குக் கூடுதலாக 40,000 கோடி, இலவச அரிசி கோதுமை. ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளர்களின் இலவசத் தானியத்துக்கு 3,500 கோடி. ரயில் தண்டவாளத்தில் நடந்து போன மக்களை அந்த வாரம் நாம் டிவியில் பார்த்தோம். அவர்களுக்கு நேராகப் போன தொகை இதுதான். இத்தனை பெரிய கூட்டல் கணக்கில் அது இவ்வளவு சிறிதாக இருந்தது எனக்கு அன்றும் உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது.

அண்ணன் எடுத்துக் காட்டும் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? முன்னாள் நிதியமைச்சர் ப.சிதம்பரம் அப்போதே உட்கார்ந்து கழித்துப் பார்த்து, அரசு நிஜமாகக் கூடுதலாகச் செலவழிப்பது 1,86,650 கோடிதான், நாட்டு உற்பத்தியில் 0.91 சதவீதம் என்றார். கடன், ஜாமீன், ஏற்கெனவே பட்ஜெட்டில் இருந்தது எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் வரும் தொகை அது. அரசுத் தரப்பு சொன்ன பதிலும் வெறும் சால்ஜாப்பு இல்லை. கடை பூட்டிக் கிடக்கும்போது பணத்தை வாரி இறைத்தால் யாரும் செலவழிக்க முடியாது, 2008 உலக நெருக்கடிக்குப் பிறகு அள்ளி விட்டதால்தான் விலைவாசி ஏறியது, படிப்படியாகச் செய்கிறோம் என்றார்கள். இசிஎல்ஜிஎஸ் 13.5 லட்சம் சிறு நிறுவனக் கணக்குகளை வாராக்கடன் ஆகாமல் காப்பாற்றியது என்று ஸ்டேட் வங்கியின் ஆய்வுப் பிரிவு 2022-இல் மதிப்பிட்டது. கொஞ்ச காலமாவது உங்கள் யூனிட்டும் அந்த மாதிரிதானே பிழைத்தது.

ஆகவே ‘பூஜ்யம்’ என்பது தப்பு. 20 லட்சம் கோடியை அரசாங்கம் ஜனங்களுக்குக் கொடுத்தது என்பதும் தப்பு. என் அபிப்பிராயம் கேட்டால், அதைக் கடன் மேளா என்றே அறிவித்திருக்கலாம். கொடை மாதிரி சொன்னதால்தான், உங்கள் கணவர் மாதிரி நாணயமான மனிதர்கூட இன்று “நான் ஏன் கட்டணும்” என்கிறார்.

இனி எந்த அரசு என்ன பேக்கேஜ் அறிவித்தாலும் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: இது திரும்பக் கட்ட வேண்டியதா, இல்லையா. கணக்கெழுதுகிற உங்களுக்கு இது பழக்கமான வேலை.

அப்பாவும் அந்த 4,000 ரூபாயும்

உங்கள் அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது, வருடம் மூன்று தடவை பிஎம் கிசான் 2,000 வருகிறது என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். வேண்டுமென்றே எழுதினீர்களோ என்னவோ, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அவருக்கு இலவசமாகத் தெரியவில்லை. விவசாயிக்கு உரியது என்று நினைக்கிறார். நினைக்கட்டும், அதில் நியாயம் உண்டு. ஆனால் 2020 ஏப்ரலில் அவருக்கு வந்த அந்த 2,000-உம் கொரோனா நிவாரணக் கணக்கில் எழுதப்பட்டதுதான், அதுவும் பட்ஜெட்டில் முன்பே இருந்த பணம்.

கட்சிகளுக்கும் இதே வியாதி உண்டு. கொரோனா நேரத்தில் எதிர்க்கட்சியாக இருந்த திமுக குடும்பத்துக்கு 5,000 கேட்டது. அதிமுக அரசு 1,000 தந்தது, பிறகு 2021 பொங்கலுக்கு 2,500 கொடுத்தது. ஆட்சி மாறியதும் திமுக 4,000-த்தை இரண்டு தவணையாகக் கொடுத்தது. அடுத்த பொங்கலுக்கு 21 பொருள் தொகுப்பு மட்டும் வந்தபோது, ரொக்கம் எங்கே என்று கேட்பது அதிமுகவின் முறையாயிற்று. 2022-இல் பிரதமர் இலவச அரசியலை ‘ரேவ்டி’, அதாவது மிட்டாய் என்று கிண்டல் செய்தார். அவர் கட்சி ஆண்ட மத்தியப் பிரதேசத்தில் மறு வருடமே பெண்களுக்கு மாதம் 1,000 என்று ஆரம்பித்து 1,250 ஆக்கினார்கள். நாம் கொடுத்தால் நிவாரணம், அவன் கொடுத்தால் இலவசம்.

அப்புறம், கண்ணுக்குத் தெரிகிற பணத்தைத்தான் மக்கள் கணக்கில் வைக்கிறார்கள். 2008 டிசம்பரில் மன்மோகன் சிங் அரசு கலால் வரியை 4 சதவீதம் குறைத்தது. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் வேன் வாங்கினார். கம்பெனிக்காரன் விலையைக் குறைத்துவிட்டான் என்று சந்தோஷப்பட்டார். அரசாங்கம் அவர் நினைப்பில்கூட வரவில்லை. அமெரிக்காவில் இது இன்னும் வேடிக்கை. 2009-இல் ஒபாமாவின் 787 பில்லியன் டாலர் பொருளாதார மீட்புத் திட்டத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் ஒரு குடியரசுக் கட்சிக்காரர்கூட ஓட்டுப் போடவில்லை. அந்தத் திட்டத்தில் பெரும்பாலான உழைக்கும் குடும்பங்களுக்கு வரிச் சலுகை இருந்தது, சம்பளப் பிடித்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். மறு வருடம் கருத்துக் கணிப்பு எடுத்தால், வரி குறைந்தது என்று சொன்னவர்கள் 12 சதவீதம்தான். 2020-இல் ட்ரம்ப் ஆட்சியில் போன காசோலைகளில் அவர் பெயரையே அச்சடித்தார்கள். நம் ஊர் அரசியல்வாதிகளுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்த 4,000-இல் பையனுக்கு ஆன்லைன் வகுப்புக்கு செல்போன் வாங்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பணம் ஊர்க் கடைக்குத்தான் போயிருக்கிறது. மந்த காலத்தில் அரசு கையில் காசு கொடுப்பதன் நோக்கமே அதுதான். நீங்கள் கூச வேண்டியதில்லை. நல்ல காலத்திலும் கடன் வாங்கிக் கொடுத்துக்கொண்டே போனால் மாநிலம் என்னாகும் என்ற அப்பாவின் கவலையும் வெற்றுக் கவலை இல்லை. அதை 2021-ஐ விட்டுவிட்டு இன்றைய பட்ஜெட்டைப் பற்றிக் கேட்டால், நானே அவர் பக்கம் கொஞ்சம் சாய்வேன்.

அண்ணனும் தம்பியும்

ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன்காரரின் பொறுப்பும் ஒன்றே. முதலில் தம்பியிடம் வசூல் செய், பிறகு என்னிடம் வா என்று உங்கள் மச்சாண்டார் வங்கியிடம் சொல்ல முடியாது. அவர் கட்டினால் அந்தப் பணத்தைத் தம்பியிடம் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் வீடு ஏலத்துக்குப் போனால் யார் எந்தக் கட்சி என்று பார்த்துப் பாதி வீட்டை விட்டுவைக்க மாட்டார்கள்.

நோட்டீஸுக்கான பதிலில் அண்ணனும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் பலம். வீட்டில் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டோ, வேறு சொத்தை விற்றோ கட்டுகிறோம் என்று ஒரு திட்டம் வைப்பதானாலும் அவர் சம்மதம் வேண்டும். அவர் ஒத்துவரவில்லை என்றால் காத்திருக்காதீர்கள், நீங்கள் இருவரும் தனியாகப் பதில் கொடுங்கள்.

அண்ணனிடம் உங்கள் கணவர் பேச வேண்டியதில்லை, நீங்கள் போங்கள். போகும்போது கையில் நோட்டீஸ், கடன் கணக்கு, உத்யம் சான்று மூன்றும் இருக்கட்டும். 20 லட்சம் கோடி பேச்சை அவர் எடுத்தால், “நீங்க சொன்னது சரிதாங்க மாமா, அது கடன்தான், அதனாலதான் கட்டணும்னு வந்திருக்கேன்” என்று சொல்லிப் பாருங்கள். அந்த வாக்கியத்தில் அவர் மறுக்க எதுவும் இல்லை. உங்கள் கணவர் மறுக்கவும் எதுவும் இல்லை, அவர் காதில் அது விழாமல் இருந்தால் நல்லது.

வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். பதில் வங்கிக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே முத்திரை வைத்த நகல் உங்கள் கைக்கு வரும்வரை மியூட்டில் போடுங்கள். நகலைக் குழுவில் போட வேண்டாம்.